பிரிங்கா, டேக்கா? கடைசி வினைச்சொல்லைப் பாருங்கள்

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆங்கிலேய மேலாளருடன் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தேன். அவருக்கு ஒரு கோப்பு தேவைப்பட்டது. “கோப்பை எடுத்து வருகிறேன்” என்று மனம் தமிழில் சொன்னது. வாய் அதை அப்படியே ஆங்கிலத்தில் கொட்டியது: “ஐ வில் டேக் தி ஃபைல் அண்ட் கம்.” மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு அவர், “எங்கே எடுத்துப் போகப் போகிறீர்கள்?” என்று கேட்டார். கோப்பு கைமாறி வேறு எங்கோ போகிறது என்று அவர் பயந்துவிட்டார்.

நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே சொல்: பிரிங். “ஐ வில் பிரிங் தி ஃபைல்.” அவ்வளவுதான்.

இந்தப் பிழையை ஆங்கிலம் தெரியாததால் வருவது என்று நெடுநாள் எண்ணியிருந்தேன். பிறகுதான் புரிந்தது: தமிழ் வாக்கியம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று கவனிக்காததுதான் காரணம். பிரிங், டேக் என்ற இரண்டுக்கும் உள்ள வேறுபாடு தமிழருக்குப் பிறவியிலேயே தெரியும். அதை எடுத்துப் பயன்படுத்தத்தான் யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. அதற்கான வழியைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதலில் அடிப்படை

ஒரு பொருளோடோ ஓர் ஆளோடோ ஓரிடத்துக்கு வருவது பிரிங். ஒரு பொருளோடோ ஓர் ஆளோடோ ஓரிடத்துக்குப் போவது டேக். கம் என்ற சொல்லின் கையில் ஒரு சுமையைக் கொடுத்தால் அது பிரிங் ஆகிவிடும். கோ என்ற சொல்லின் கையில் கொடுத்தால் டேக் ஆகிவிடும். ஆகவே இது சுமையைப் பற்றிய வேறுபாடு அன்று, திசையைப் பற்றியது. வருதலா போதலா என்று தெரிந்துவிட்டால் முக்கால் பங்கு வேலை முடிந்தது.

இறந்தகால வடிவங்களையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிரிங், பிராட், பிராட். டேக், டுக், டேக்கன். பிரிங்குக்கு மூன்றாவது வடிவம் தனியாக இல்லை.

படி 1: தமிழில் முழுதாகச் சொல்லுங்கள், கடைசி வினையை மட்டும் பாருங்கள்

தமிழில் நாம் இந்தக் கருத்தை ஒரே வினையால் சொல்வதில்லை. இரண்டு வினைகளை அடுக்குகிறோம். முதல் வினை சுமையை எப்படிக் கையாள்கிறோம் என்று சொல்லும், கடைசி வினை திசையைச் சொல்லும். எடுத்து வா, கொண்டு வா, தூக்கி வா, வாங்கி வா, அழைத்து வா, கூட்டி வா, ஓட்டி வா, இழுத்து வா. புத்தகம் என்றால் எடுத்து வருகிறோம், குழந்தையைத் தூக்கி வருகிறோம், விருந்தாளியை அழைத்து வருகிறோம், மாட்டை ஓட்டி வருகிறோம். மாட்டை அழைத்து வருகிறேன் என்றால் சிரிப்பார்கள். மாமனாரை ஓட்டி வருகிறேன் என்றால் சிரிப்போடு நிற்காது.

ஆங்கிலத்துக்கு இந்த நுணுக்கம் வேண்டியதில்லை. மேலே சொன்ன எட்டுக்கும் அங்கே ஒரே சொல் பிரிங். அதே எட்டு வினைகளின் இறுதியில் ‘வா’ இருக்கும் இடத்தில் ‘போ’ அல்லது ‘செல்’ போட்டால் எட்டுக்கும் ஒரே சொல் டேக்.

என் பிழை எங்கே நேர்ந்தது என்று இப்போது தெரியும். “எடுத்து வருகிறேன்” என்பதில் முதலில் வருவது ‘எடு’. எடு என்றால் டேக் என்று பள்ளியில் மனப்பாடம் செய்தாகிவிட்டது. எனவே வாய் திறந்ததும் டேக் வந்து விழுந்தது. பின்னால் வந்த ‘வா’வை என்ன செய்வது என்று தெரியாமல் “அண்ட் கம்” என்று ஒட்டிவிட்டேன். தமிழ் வாக்கியத்தின் உயிர் கடைசியில் இருக்கிறது. நான் தலையை மொழிபெயர்த்தேன்.

எனவே பழக்கம் இதுதான். வாக்கியத்தைத் தமிழில் மனத்துக்குள் முழுதாகச் சொல்லுங்கள். முதல் வினையை விரலால் மறைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் இருப்பது ‘வா’ என்றால் பிரிங். ‘போ’ என்றால் டேக். “தம்பியைப் பள்ளிக்குக் கூட்டிப் போ” என்பதில் ‘கூட்டி’யை மறைத்தால் மிச்சம் ‘போ’: டேக். “வரும்போது தம்பியையும் கூட்டி வா” என்பதில் மிச்சம் ‘வா’: பிரிங்.

எப்படிச் சுமந்தார் என்பதே முக்கியமானால் ஆங்கிலத்திலும் தனிச் சொற்கள் உண்டு. தூக்கிச் சுமப்பதற்குக் கேரி, இழுப்பதற்கு டிராக், வழிகாட்டி அழைத்துச் செல்வதற்கு லீட். இவற்றுக்குத் திசை கிடையாது. வருவதற்கும் போவதற்கும் பொது.

படி 2: போய்ச் சேரும் இடம் யாருடையது என்று கேளுங்கள்

கடைசி வினை எது என்று நாக்கே சொல்லிவிடும் என்றாலும், அது ஏன் அப்படிச் சொல்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. இங்கே தொல்காப்பியத்தைத் திறக்க வேண்டும்.

‘ஈ, தா, கொடு’ பற்றிய நூற்பா பலருக்கும் நினைவிருக்கும்: தாழ்ந்தவர் ஈ என்பார், ஒத்தவர் தா என்பார், உயர்ந்தவர் கொடு என்பார். பள்ளியில் அதைத்தான் படித்தோம். சொல்லதிகாரத்தின் முதல் இயலான கிளவியாக்கத்தில் இதே சொற்களைப் பற்றி இன்னொரு செய்தி இருக்கிறது. அது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. செல், வா, தா, கொடு என்ற நான்கையும் எடுத்துக்கொண்டு தொல்காப்பியர் சொல்கிறார்:

“தருசொல் வருசொல் ஆயிரு கிளவியும்
தன்மை முன்னிலை ஆயீ ரிடத்த.”

மற்ற இரண்டையும் பற்றி அடுத்த நூற்பா: “ஏனை யிரண்டும் ஏனை யிடத்த.”

தா, வா இரண்டும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை. செல், கொடு இரண்டும் படர்க்கைக்கு உரியவை. இன்னும் எளிதாகச் சொன்னால், என்னிடமோ உன்னிடமோ வந்து சேர்ந்தால் ‘வா’. அவனிடமோ அங்கேயோ போய்ச் சேர்ந்தால் ‘செல்’.

தா, கொடு வேறுபாடு இன்றைய தமிழில் மங்கிவிட்டது. “எனக்குக் கொடு” என்று எல்லோரும்தான் சொல்கிறோம். மலையாளத்தில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. எனக்கும் உனக்கும் தருவார்கள், அவனுக்குக் கொடுப்பார்கள். ஆனால் வா, செல் வேறுபாடு தமிழில் ஒரு சிராய்ப்பும் இல்லாமல் நிற்கிறது. தொலைபேசியில் நண்பரிடம் “நாளை உங்கள் வீட்டுக்கு வருகிறேன்” என்கிறோம். நான் இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் அது போதல்தான். ஆனாலும் கேட்பவரின் இடம் என்பதால் ‘வா’ வருகிறது.

ஆங்கிலமும் இதையேதான் செய்கிறது. அங்கேயும் கேட்பவரின் இடத்துக்குப் போவதைக் கம் என்பார்கள், சுமையோடு போனால் பிரிங் என்பார்கள். “ஐ வில் கம் டு யுவர் ஹவுஸ்.” “ஐ வில் பிரிங் யூ தி புக்.” ஆனால் “ஐ வில் டேக் ஹிம் தி புக்.” எனக்கு, உனக்கு: பிரிங். அவனுக்கு: டேக்.

இது எல்லா மொழிக்கும் பொதுவான வழக்கு என்று நினைத்துவிட வேண்டாம். ஸ்பானிய மொழி பேசுபவரைக் கூப்பிட்டால் “இதோ போகிறேன்” என்றுதான் பதில் சொல்வார். அந்த மொழியில் ‘வா’ பேசுபவரின் இடத்துக்கு மட்டும் உரியது. ஜப்பானியரும் அப்படியே. அவர்கள் ஆங்கிலம் கற்கும்போது இந்த இடத்தில் தடுக்கி விழுவது இயல்பு. நமக்கு அந்தக் கல் இல்லை. இருந்தும் விழுகிறோம் என்பதுதான் என் ஆதங்கம்.

கேட்பவரின் வீட்டையே பற்றிப் பேசும்போதும் அவர் அங்கே இல்லையென்றால் சொல் மாறும். நண்பர் சென்னையில் இருக்கிறார், அவருடைய பெற்றோர் திருநெல்வேலியில் இருக்கிறார்கள். நான் அவர்களைப் பார்க்கப் போகிறேன். அப்போது அவரிடம் “உங்கள் வீட்டுக்குப் பலகாரம் கொண்டு போகிறேன்” என்பேன். இங்கே டேக். வீடு அவருடையது, ஆனால் அவர் அங்கே இல்லை. ‘உங்கள்’ என்ற சொல்லைப் பார்த்து ஏமாறக் கூடாது, ஆள் எங்கே என்று பார்க்க வேண்டும்.

ஒரு சின்ன எச்சரிக்கை. ஹியர், தேர், ஹோம் ஆகிய மூன்றுக்கும் முன்னால் ‘டு’ வராது. “டேக் மீ ஹோம்” சரி. “டேக் மீ டு ஹோம்” தவறு. ஹவுஸ் என்று சொன்னால் ‘டு’ வேண்டும்.

படி 3: இப்போது எங்கே என்பதோடு அப்போது எங்கே என்றும் பாருங்கள்

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்துகொண்டு உடன் பணிபுரிபவரிடம் பேசுகிறேன். “நாளை ஆபீசுக்கு அந்த ரசீதைக் கொண்டு வா” என்கிறேன். பேசும் நேரத்தில் நான் ஆபீசில் இல்லை, அவரும் இல்லை. ஆனாலும் ‘வா’ சரியாக இருக்கிறது. நாளை அவர் அங்கே வரும்போது நான் அங்கே இருப்பேன் அல்லவா? ஆங்கிலத்திலும் இது பிரிங்தான்.

எனக்கு நாளை விடுமுறை என்றால்? “நாளை ஆபீசுக்கு அந்த ரசீதைக் கொண்டு போ.” டேக். ஒரே வீடு, ஒரே ரசீது, ஒரே ஆபீஸ். நான் அங்கே இருப்பேனா மாட்டேனா என்பது மட்டும் மாறியது, சொல் மாறிவிட்டது. 1971-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்டா குரூஸ் வளாகத்தில் மொழியியலாளர் சார்லஸ் ஃபில்மோர் சுட்டுச்சொற்களைப் பற்றித் தொடர் உரைகள் நிகழ்த்தினார். வருதலையும் போதலையும் பற்றிய உரையில் அவர் ஆங்கிலத்துக்குச் சொன்ன விதி இதுதான்: பேசுபவரோ கேட்பவரோ பேசும் நேரத்தில் அங்கே இருந்தாலும் சரி, போய்ச் சேரும் நேரத்தில் அங்கே இருந்தாலும் சரி, கம் பொருந்தும். தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியது என்று நம் நூற்பா சொன்னதோடு காலத்தையும் அவர் சேர்த்தார்.

இதற்கு எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு ஹால் டிக்கெட். தேர்வு நடத்துபவர்கள் “ஹால் டிக்கெட்டைக் கொண்டு வர வேண்டும்” என்று அறிவிப்பார்கள். அவர்கள் தேர்வு மையத்தில் நின்று பேசுகிறார்கள்: பிரிங். தேர்வன்று காலை வாசலில் நின்று அம்மா “ஹால் டிக்கெட்டை எடுத்துக்கொண்டு போ” என்பார். அவர் மையத்துக்கு வரப் போவதில்லை: டேக். ஒரே தாள், ஒரே பயணம். அழைப்பவர் ஒரு சொல்லைச் சொல்கிறார், அனுப்புபவர் இன்னொன்றைச் சொல்கிறார். வெளிநாட்டு விசா அலுவலகமோ மருத்துவமனையோ அனுப்பும் கடிதங்களில் எப்போதும் பிரிங் என்றே இருப்பதன் காரணமும் இதுதான்.

அதே அம்மா “ஹால் டிக்கெட்டை எடுத்துக்கொண்டாயா?” என்று கேட்டால் அதில் வாவும் இல்லை, போவும் இல்லை. கையில் இருக்கிறதா என்பதே கேள்வி. இதற்கு ஆங்கிலத்தில் “ஹேவ் யூ காட் யுவர் ஹால் டிக்கெட்?” என்பது இயல்பு.

படி 4: கூடப் போகிறவரா என்று பாருங்கள்

“நான் கடைக்குப் போகிறேன், நீயும் வருகிறாயா?”

இந்த வாக்கியத்தை நிதானமாகப் பாருங்கள். இரண்டு பேரும் போவது ஒரே கடைக்கு. எனக்குப் ‘போ’, உனக்கு ‘வா’. துணையாக வருபவருக்கு நானே இலக்கு ஆகிவிடுகிறேன். ஆங்கிலத்திலும் முதல் பாதியில் கோ, இரண்டாம் பாதியில் கம். இதில் யாரும் பிழை செய்வதில்லை. சுமை சேர்ந்தவுடன்தான் செய்கிறார்கள். இருவரும் சேர்ந்து கொடைக்கானல் போகிறீர்கள். நண்பரிடம் “ஸ்வெட்டர் கொண்டு வா” என்கிறீர்கள்: பிரிங். நண்பர் மட்டும் போகிறார், நீங்கள் வழியனுப்புகிறீர்கள் என்றால் “ஸ்வெட்டர் கொண்டு போ”: டேக்.

படி 5: ‘விட்டு வா’ என்ற பொறி

நம்மை உண்மையில் காட்டிக்கொடுப்பது இதுதான். இதில் நிறைய நேரம் செலவிடலாம்.

தமிழில் ஒருவரை ஒரு வேலைக்கு அனுப்பினால் அவர் திரும்பி வருவதையும் சேர்த்தே சொல்வோம். “இதைப் பாட்டியிடம் கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வா.” “சாப்பிட்டுவிட்டு வருகிறேன்.” “பார்த்துவிட்டு வந்தேன்.” அனுப்பிய இடத்துக்குத் திரும்பும் வரை தமிழனுக்கு வேலை முடிந்ததாகத் தோன்றாது. ஆங்கிலேயனுக்கு அந்தக் கவலை இல்லை. போனவன் வருவான் என்று விட்டுவிடுவான்.

எனவே இந்த வாக்கியங்களை அப்படியே பெயர்த்தால் “டேக் திஸ் டு கிராண்ட்மா, கிவ் அண்ட் கம்” என்றும், “ஐ வில் ஈட் அண்ட் கம்” என்றும் ஆகும். நம் ஊர் அலுவலகங்களில் எல்லோருக்கும் புரியும். கடல் கடந்தால் புரியாது. பாட்டி வாக்கியத்துக்கு “டேக் திஸ் டு யுவர் கிராண்ட்மதர்” என்பது போதும். கொடுப்பதும் திரும்புவதும் அதிலேயே அடக்கம். சாப்பாட்டு வாக்கியத்துக்கு “ஐ வில் பி பேக் ஆஃப்டர் லஞ்ச்.”

இங்கே படி 1-இல் சொன்ன விதிக்கு ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. “கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வா” என்பதில் கடைசி வினை ‘வா’. விதிப்படி பிரிங் என்று சொல்லத் தோன்றும். ஆனால் ‘வா’ என்று திரும்பும்போது ஆளின் கை காலி. சுமை பாட்டியிடம் நின்றுவிட்டது. எனவே பார்க்க வேண்டியது சுமையோடு சேர்ந்து நடக்கிற கடைசி வினையை: ‘கொண்டு போய்’. அது டேக். ‘விட்டு’ என்ற சொல் தென்பட்டால் அதற்கு முன்னோடு சுமையின் கதை முடிந்தது என்று கொள்ளலாம்.

இதற்கு நேர்மாறான பயணமும் உண்டு. வெறுங்கையோடு போய், சுமையோடு திரும்புவது: “மாடிக்குப் போய் என் கண்ணாடியை எடுத்து வா.” இந்த முழுச் சுற்றுக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல் இருக்கிறது: ஃபெட்ச். போதல், எடுத்தல், வருதல் மூன்றும் அதில் அடங்கும். பிரிட்டிஷாரிடையே இது சாதாரணப் புழக்கம். அமெரிக்காவில் நாய்க்குப் பந்து எறியும்போது அதிகம் கேட்கலாம், மனிதர்களுக்குக் கெட் என்பார்கள். பிரிங் என்றாலும் தவறில்லை. ஆனால் “கோ அண்ட் டேக் மை கிளாசஸ்” என்றால், போய் என் கண்ணாடியை நீயே எடுத்துக்கொள் என்று பொருளாகிவிடும். கண்ணாடி போயே போய்விடும்.

படி 6: விடைபெறும்போது

நம் வீடுகளில் வாசலில் நின்று “போகிறேன்” என்று சொன்னால் பெரியவர்கள் முகம் மாறும். “போய் வருகிறேன்” என்று சொல் என்பார்கள். சுருக்கமாக “வருகிறேன்” என்றாலே விடைபெறுதல்தான். இந்தப் பண்பை நான் விடச் சொல்லவில்லை, ஆங்கிலத்தில் போடாதீர்கள் என்றுதான் சொல்கிறேன். எழுந்து நின்று “ஐ ஆம் கமிங்” என்றால் எதிரில் இருப்பவர் குழம்புவார்; “ஐ வில் கோ அண்ட் கம்” என்றால் காபி போட்டு வைத்துக் காத்திருப்பார். “சீ யூ” போதும். மீண்டும் சந்திப்போம் என்ற மங்கலம் அதிலும் இருக்கிறது.

படி 7: கதையும் பிறர் பேச்சும்

நானும் இல்லை, நீயும் இல்லை, கதையில் அவர்கள் மட்டுமே என்றால்? அப்போது சொல்பவர் யார் தோளுக்குப் பின்னால் நிற்கிறார் என்பதே விதி. “அவன் சிறையில் இருந்தான். ஒரு கிழவி தினமும் அவனுக்குக் கஞ்சி கொண்டு வந்தாள்.” நாம் அவனோடு உள்ளே இருக்கிறோம்: பிராட். “கிழவி விடியலில் எழுந்து கஞ்சி காய்ச்சிச் சிறைக்குக் கொண்டு போனாள்.” நாம் கிழவியோடு நடக்கிறோம்: டுக். இரண்டும் இலக்கணப்படி சரி. எது வேண்டும் என்பது கதை சொல்பவரின் விருப்பம். தமிழ்க் கதைகளை வாசித்து வளர்ந்தவர்களுக்கு இது தானாக வரும்.

விதிக்கு வெளியே நிற்கும் டேக்

டேக் என்ற சொல்லுக்குத் திசையில்லாத வேலைகள் ஏராளம். மருந்து, பஸ், புகைப்படம், நேரம், ஓய்வு என எல்லாவற்றோடும் அது சேரும். இவற்றுக்கு வா, போ சோதனை செல்லாது. எங்கே என்று கேட்டுப் பாருங்கள். “தாத்தாவை டேக் செய்ய வேண்டும்” என்றால் எங்கே என்ற கேள்வி எழும். “மருந்தை டேக் செய்ய வேண்டும்” என்றால் எழாது. எழாத இடத்தில் பிரிங் வரவே வராது.

இந்தத் திசையற்ற டேக்குக்குத் தமிழில் எது இணை என்று தேடினால் ‘எடு’வைவிடப் பொருத்தமான ஒன்று கிடைக்கிறது: பிடி. பஸ் பிடிக்கிறோம், படம் பிடிக்கிறோம், வேலை முடிய இரண்டு மணி நேரம் பிடிக்கிறது. இப்போதெல்லாம் “நேரம் எடுக்கும்” என்று எழுதுகிறார்கள். பழைய ‘நேரம் பிடிக்கும்’ எனக்கு இன்னும் இனிக்கிறது. டேக்கின் வேர்ப்பொருளும் பிடித்தல்தான். அது ஆங்கிலத்தின் சொந்தச் சொல்லே அன்று. வைக்கிங்குகளோடு கடல் கடந்து வந்த பழைய நார்ஸ் மொழிச் சொல். அது வருவதற்கு முன் ஆங்கிலேயர் நிமன் என்ற சொல்லைப் பயன்படுத்தினார்கள். ஜெர்மானியர் இன்றும் நேமன் என்கிறார்கள். வந்தேறி, மண்ணின் மைந்தனை விரட்டிவிட்டது. மரத்துப்போவதைக் குறிக்கும் நம்ப் என்ற ஆங்கிலச் சொல்லில் மட்டும் அந்தப் பழையவனின் எலும்பு கிடக்கிறது. உணர்வைப் பிடுங்கிக்கொண்டது என்று பொருள். பிரிங் அப்படியில்லை. அது தொடக்கத்திலிருந்தே உள்ளூர்க்காரன்.

பிரிங்குக்கும் சில நிலைத்த தொடர்கள் உண்டு. குழந்தை வளர்ப்பது பிரிங் அப். தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டு வருவது பிரிங் டு தி பாயில். சண்டையை முடிவுக்குக் கொண்டு வருவதும் பிரிங்தான். தமிழிலும் இவற்றில் சில ‘கொண்டு வா’ என்றே வருவதால் பெரிய தொல்லை இல்லை.

ஆங்கிலம் தாய்மொழியானவர்களே மீறுவதைக் கேட்டால்

அயர்லாந்துக்காரர் “பிள்ளைகளைப் பள்ளிக்கு பிரிங் செய்கிறேன்” என்று சொல்லக் கேட்கலாம். மற்றவர்கள் டேக் என்னும் பல இடங்களில் அங்கே பிரிங் வரும். நியூயார்க் பக்கத்திலும் அப்படிப் பேசுபவர்கள் இருக்கிறார்கள். அவர்களைத் திருத்தப் போக வேண்டாம். அது அவர்கள் ஊர்ப் பேச்சு. தேர்வுத் தாளிலும் அலுவலகக் கடிதத்திலும் நாம் பொது வழக்கில் நிற்பதே பாதுகாப்பு.

கொஞ்சம் பழகிப் பார்க்கலாம்

ஒவ்வொன்றையும் படித்து நீங்களே ஒரு முடிவுக்கு வந்த பிறகு விடையைப் பாருங்கள்.

1. விடுதியில் இருக்கும் மகள் தொலைபேசியில்: “அம்மா, வரும்போது என் போர்வையைக் கொண்டு வாருங்கள்.” பிரிங். மகள் தன் இடத்திலிருந்து பேசுகிறாள்.

2. அம்மா மகளிடம்: “சரி, கொண்டு வருகிறேன்.” இதுவும் பிரிங். கேட்பவரின் இடம்.

3. தொலைபேசியை வைத்துவிட்டு அம்மா பக்கத்து வீட்டுக்காரரிடம்: “மகளுக்குப் போர்வை கொண்டு போகிறேன்.” டேக். மகள் இப்போது படர்க்கை ஆகிவிட்டாள். போர்வை மாறவில்லை, பஸ் மாறவில்லை; யாரிடம் பேசுகிறார் என்பது மட்டும் மாறியது.

4. “தாத்தாவைக் கண் மருத்துவரிடம் கூட்டிச் செல்ல வேண்டும்.” டேக்.

5. மருத்துவமனை வரவேற்பில் இருப்பவர்: “அடுத்த முறை பழைய ரிப்போர்ட்டையும் எடுத்து வாருங்கள்.” பிரிங். ‘எடுத்து’ என்பதைக் கேட்டு டேக் என்று எழுதியவர்கள் படி 1-ஐ மீண்டும் ஒருமுறை படிக்கலாம்.

6. வீட்டில் இருந்தபடி: “பஸ் நிலையத்துக்குப் போய் மாமாவை அழைத்து வா.” ஃபெட்ச் என்றாலும் சரி, பிரிங் என்றாலும் சரி. வண்டியில் என்றால் பிக் அப் என்பதே இன்று பெருவழக்கு.

7. “தங்கையை ஸ்டேஷனில் விட்டுவிட்டு வா.” ‘விட்டு’ வந்திருக்கிறது, திரும்பும்போது தங்கை கூட இல்லை. டேக். திரும்பி வரச் சொன்னதை ஆங்கிலத்தில் எழுத வேண்டாம்.

8. உணவகத்தில் மிச்சமான பிரியாணியைக் கட்டிக்கொடுக்கச் சொல்லும்போது பணியாளரிடம்: “வீட்டுக்கு எடுத்துப் போகிறேன்.” டேக், பின்னால் ஹோம், நடுவில் ‘டு’ இல்லை. அதே மேசையிலிருந்து வீட்டுக்குத் தொலைபேசியில்: “பிரியாணி கொண்டு வருகிறேன்.” பிரிங்.

9. சென்னை அலுவலகத்தில் நின்றுகொண்டு உடன் பணிபுரிபவரிடம்: “நாளை மதுரைக் கிளைக்கு இந்த மடிக்கணினியை…” இதற்கு என்னால் விடை சொல்ல முடியாது. நாளை நீங்கள் மதுரைக்குப் போகிறீர்களா இல்லையா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.